நான் அழித்த படம்

2019 மே மாத முதல் வாரத்தில் ஓர் இரவு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, எங்கள் முகநூல் பக்கத்திலிருந்து ஒரு படத்தை அழித்தேன். சமூக ஊடகத் தடை நீங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அழிக்க ஒரு நொடி போதுமாக இருந்தது. அதைப் பற்றி வாய் திறக்க எனக்கு ஆறு வருடம் எடுத்தது.

படம் இதுதான். காத்தான்குடிப் பிரதான வீதியில் ஒரு கடை வாசல். தொப்பி போட்ட, அறுபது வயது தாண்டிய ஒருவர் நீத்துப்பெட்டி ஒன்றை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்க்கிறார். இழை நெருக்கமாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. இழை விட்டுப்போன பெட்டியில் பிட்டு அவித்தால் மா கீழே கொட்டும், ஆவி பக்கத்தால் போய்விடும். நான் சிறுமியாக அப்பாவின் சைக்கிளில் முன்னால் இருந்து போன காலத்திலும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். எங்களுக்கும் அப்படியே.

எங்கள் ஊர் ஆரையம்பதி. காத்தான்குடியை ஒட்டிய தெற்கு ஊர். இந்தக் கரையைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் நீளம் கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்துண்டு. அந்தத் துண்டில் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, பாலமுனை, தாழங்குடா என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். விலகிப் போக வேறு வழியில்லை. நான் மட்டக்களப்பு டவுனுக்குப் போக வேண்டுமென்றால் காத்தான்குடிக்குள்ளால்தான் போக வேண்டும், அந்தக் கடை வாசலால்தான் போக வேண்டும். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இரண்டு பக்கத்தாரும் சொல்லிக்கொள்வோம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். மற்றவரைக் காட்டிப் பேச இரண்டு பக்கத்திலும் சாவு இருக்கிறது. அப்படியான காலத்துக்குப் பிறகு ஒருநாள் அப்பா சைக்கிள் கரியரில் பெட்டி கட்டிக்கொண்டு போய் அந்தக் கடை வாசலில் நின்றார். காக்கா ஒன்றை எடுத்து வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். எங்கள் வியாபாரம் தொடங்கியது அப்படித்தான்.

அப்பாவுக்கு இழைக்கத் தெரியாது. சுற்றிவர இருந்த பெண்கள் இழைத்தார்கள். குருத்தோலை வாங்கிக் காயவைத்து, சத்தகத்தால் வார்ந்து, நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், உமல் என்று செய்து தருவார்கள். அப்பா எடுத்துக் கொடுத்துக் காசு கொண்டுவருவார். மாதம் அறுபது நீத்துப்பெட்டி காக்காவுக்கு. மாமாங்கத் தீர்த்தத்துக்கும் கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் சந்தை.

2016 இல் அப்பாவின் கண் மங்கத் தொடங்கியது. கணக்கு என் கைக்கு வந்தது. சிறு தொழில் செய்பவர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்து முகநூல் பக்கம் திறந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு படம் போடுங்கள், வெள்ளைத் துணி விரித்து எடுங்கள், கேட்பவருக்கு உடனே பதில் எழுதுங்கள் என்றார்கள். எல்லாம் செய்தேன். ஆறு மாதத்தில் நாற்பது ஐம்பது பேர் லைக் போட்டார்கள், பெரும்பாலும் சொந்தக்காரர். பெட்டி ஒன்றும் போகவில்லை. பழைய மாணவர் குழு, கோயில் குழு, மரண அறிவித்தல் போடும் குழு என்று நான் இருந்த வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுளகுப் படத்தைப் போட்டேன். ஒரு குழுவில் என்னை வெளியேற்றினார்கள். அவர்கள் செய்தது சரி.

வழி காட்டியவர் காக்கா. காசு வாங்கப் போன ஒருநாள், பக்கத்தைக் காட்டுங்கள் என்று போனை வாங்கிப் பார்த்தார். படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "புள்ள, வாங்கின ஆள்ட்ட யாரு சொல்லி வந்தீங்கண்டு கேளுங்க. கேட்டு எழுதி வைங்க. சொல்லி விட்ட ஆளுக்கு ஒரு போன் எடுத்துச் சந்தோசம் சொல்லுங்க. அந்த ஆள் இன்னும் ரெண்டு பேரை அனுப்புவார்" என்றார். அன்றைக்கே தன் கடைப் பையன்களிடம் என் இலக்கத்தைக் கொடுத்தார். புறக்கோட்டையில் கடை வைத்திருந்த தன் மச்சானுக்கு என் முன்னாலேயே போன் எடுத்தார். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றுக்குச் சாமான் ஏற்றுகிற ஒருவரைக் கூப்பிட்டு, பாண் வைக்கிற சின்னப் பெட்டி செய்யலாமா என்று என்னிடம் கேட்கச் செய்தார்.

நான் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். பெயர், ஊர், சாமான், காசு, கடைசிக் கோட்டில் 'யார் சொல்லி'. அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. முதல் இரண்டு வருடத்தில் புதிதாக வந்த எழுபத்து நான்கு பேரில் முப்பத்தொரு பேருக்கு நேரே 'காக்கா' என்று எழுதியிருக்கிறேன். மற்றவர்களில் பலர் அந்த முப்பத்தொரு பேர் சொல்லி வந்தவர்கள். அந்த மனிதர் இல்லாவிட்டால் எனக்கு முகநூலும் இல்லை என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி.

வெயிலுக்குப் பெட்டி தூக்கிய படத்தை எடுத்தது 2018 தொடக்கத்தில். வெள்ளைத் துணி இல்லாமல், அவருக்குத் தெரியாமல் எடுத்தது. எடுத்த பிறகு காட்டிக் கேட்டேன், போடுங்க என்றார். எங்கள் பக்கத்தில் அதுபோல ஒரு படம் ஓடியதே இல்லை. கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் பிள்ளைகள், இது எங்கட காக்காட கடை என்று எழுதிப் பகிர்ந்தார்கள். ரொறன்ரோவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் நம் ஆட்கள், பெத்தாட வீட்டு நீத்துப்பெட்டி என்று எழுதினார்கள். வெளிநாட்டு ஓடர்கள் வரத் தொடங்கியது அந்தப் படத்தால்தான்.

பிறகு 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகள். குண்டு வெடித்த இடங்களில் ஒன்றான மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீற்றர் தூரம். ஞாயிறு பாடசாலை முடித்து வெளியில் நின்ற பிள்ளைகள் செத்துப்போனார்கள். குண்டுதாரிகளின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்று அறிவிக்கப்பட்டது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அந்தத் தேவாலயத்தில் சொந்தம் இருந்தது. அந்தக் கிழமை இந்தக் கரையில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்கும் கோபம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் படத்தை அழித்தது அந்தக் கோபத்தில் அல்ல. கோபத்தில் அழித்திருந்தால் என்னை நானே மன்னிப்பது எளிது. நான் கணக்குப் பார்த்து அழித்தேன்.

அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஏப்ரல் 30 வரை முடக்கி வைத்திருந்தது. திறந்தவுடன் அந்தப் பழைய படத்தின் கீழே கொமென்ட்கள் வந்து நின்றன. இன்னுமா இவங்களுக்குக் குடுக்கிறீங்க, இந்தக் கடைக்குப் போற சாமான் எங்களுக்கு வேணாம். முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பதிவுகள் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கொமென்ட் எழுதியவர்களில் ஒருவர் எங்களிடம் மூன்று முறை வாங்கியவர், கனடாவில் இருப்பவர். அவர் திட்டவில்லை. மரியாதையாக, கொஞ்சம் யோசியுங்கோ தங்கச்சி என்று மட்டும் எழுதினார். அந்த மூன்று ஓடரின் தொகையைக் காக்காவின் ஒரு மாதத் தொகையோடு மனதில் வைத்துப் பார்த்தேன். கனடாக் காசு பெரிதாக இருந்தது. அழித்தேன்.

அதோடு நின்றிருந்தால் பயந்தவள் என்று மட்டும் என்னைச் சொல்லலாம். அடுத்த நாள் காலையில் இழைக்கிற பெண்களின் கைகளைப் படமெடுத்துப் போட்டு மேலே எழுதினேன்: தமிழ்ப் பெண்களின் கைகளிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு, இடையில் வேறு யாரும் இல்லை.

'வேறு யாரும்' என்ற இரண்டு சொல்லை நான் தேடி எடுத்தேன். யாரையும் பெயர் சொல்லவில்லை. ஒருவரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. வாசிக்கிற எல்லோருக்கும் விளங்கும். அப்படி ஒரு வசனத்தைக் கட்ட எனக்குத் திறமை இருந்தது, அதை அன்றைக்குப் பயன்படுத்தினேன்.

பத்து நாளில் எங்கள் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் தொள்ளாயிரத்திலிருந்து மூவாயிரத்து நானூறு ஆனார்கள். பெட்டியின் அழகுக்கு இத்தனை பேர் வந்தார்கள் என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். முகநூல் எப்படி வேலை செய்தது என்று பிறகுதான் படித்தேன். 2018 ஜனவரியில் அவர்கள், ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிற பதிவுகளுக்கே முன்னிடம் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய வருடம், கோபம், அழுகை, வியப்பு காட்டும் முகக்குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு கனம் வைத்திருந்தார்கள். இது 2021 இல் வெளியே வந்த அவர்களின் உள்ளக ஆவணங்களில் இருந்தது. என் பதிவின் கீழே ஆட்கள் சண்டை பிடித்தார்கள். சண்டை பிடிக்கப் பிடிக்க அது இன்னும் பலருக்குப் போனது. என் பெட்டிக்கு யாரோ மூட்டிய தீ விளக்காக நின்றது. எண்ணெய் ஊற்றியது நான்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு இடமில்லை. ஒரு வருடத்துக்கு முன்னர், 2018 பெப்ரவரி கடைசியில், பக்கத்து அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரு காணொளி முகநூலில் ஓடியது. கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். ஆய்வு செய்தபோது அது மாக்கட்டி என்று வந்தது. அடுத்த கிழமை கண்டியில், திகனையில் எரிந்தது. அந்தக் கலவரத்தில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. அம்பாறைச் செய்தியைக் காக்காவின் கடையில் நின்றுதான் நான் கேட்டேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இந்தப் போனுக்குள்ள என்ன கிடக்குண்டே விளங்குதில்ல புள்ள" என்றார்.

படத்தை அழித்த அந்த மே மாதக் கடைசியில் காக்காவுக்குப் போன் எடுத்து, ஓலை வரத்துக் குறைவு காக்கா, இந்த முறை ஏலாது என்றேன். பொய். வீட்டு விறாந்தையில் பெட்டி அடுக்கிக் கிடந்தது. செரி புள்ள, வந்தாச் சொல்லுங்க என்றார். நான் பிறகு சொல்லவேயில்லை.

இன்னொரு பொய் அதைவிடப் பெரிது. அப்பாவுக்கு அப்போது பார்வை அநேகமாகப் போய்விட்டது. மாதம் பிறந்தால், காக்காக்கு அனுப்பினியா மகள் என்று கேட்பார். அனுப்பினேன் அப்பா என்பேன். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாத மனிதரிடம் இரண்டு வருடம் அப்படிச் சொன்னேன். 2021 இல் அவர் கண்மூடும் வரை சொன்னேன்.

வியாபாரம் என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், புதுத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு அது தேவைப்படும். புதிதாக வந்தவர்கள் கேட்டது சாயம் போட்ட கைப்பை, மூடி வைத்த பரிசுப்பெட்டி. அவற்றை இளம் பெண்கள் நாலு பேருக்குத்தான் செய்ய வந்தது. நீத்துப்பெட்டியும் சுளகும் மட்டும் இழைக்கத் தெரிந்த வயதான ஏழு பேருக்கு வேலை போயிற்று. பரிசுப்பெட்டி ஒன்று அலமாரியில் பத்து வருடம் கிடக்கும். வாங்கியவர் திரும்ப வாங்கத் தேவையில்லை. நீத்துப்பெட்டி ஒவ்வொரு நாளும் ஆவியில் கிடந்து சில மாதத்தில் கறுத்து இற்றுப்போகும், பிட்டு அவிக்கிற வீடு மறுபடி கடைக்கு வரும். எங்கள் வீட்டுச் சோறு அந்த இற்றுப்போகும் சாமானில் இருந்தது. அதை நான் விட்டுவிட்டு, ஒரு கோபத்தோடு வந்து ஒரு பெட்டி வாங்கி, கோபம் ஆறியதும் பக்கத்தை மறந்துவிட்ட ஆட்களுக்குப் பின்னால் ஓடினேன். கொப்பியில் 2019 மேக்குப் பிறகு 'யார் சொல்லி' என்ற கோடு வெறுமையாகக் கிடக்கிறது. யாரும் யாரிடமும் சொல்லி வரவில்லை.

ஏழு பேரில் மூத்தவரான மாமி ஒருநாள் படலையடியில் நின்று கேட்டார். "மாசம் அறுபது கேட்ட இடத்துக்கு என்ன வந்த புள்ள? காக்கா மவுத்தாப் போனவரா?" அவர் உண்மையாகவே அப்படி நினைத்திருந்தார். இல்லை மாமி, அவர் இப்ப எடுக்கிறதில்லை என்றேன். குற்றத்தை அவர் தலையில் போட்டேன். இதையும் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

2020 மார்ச் 20 இல் ஊரடங்கு வந்தது. விமானங்கள் நின்றன, பார்சல் நின்றது, வெளிநாட்டு ஓடர் நின்றது. 2022 இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில கிழமைக்குள் முந்நூற்று அறுபதைத் தாண்டியபோது, டொலரில் காசு கட்டிச் செய்கிற முகநூல் விளம்பரத்தைக் கைவிட்டேன். அலுமினியச் சாமான் விலை ஏறி ஓலைப் பெட்டியைச் சனம் திரும்பத் தேடிய காலம் அது. பஸ்ஸில் போகும்போது ஒருநாள் பார்க்கிறேன், காக்காவின் கடை வாசலில் நீத்துப்பெட்டி கோத்துத் தொங்குகிறது. எங்களுடையது இல்லை. எங்கள் பெண்கள் விளிம்பைச் சிவப்பு ஓலையால் பொத்துவார்கள். தொங்கியதில் விளிம்பு வெள்ளையாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போது ஒவ்வொரு முறையும் வாவிப் பக்க யன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மூன்று வருடம்.

இதை முதலில் முகநூலில் எழுதலாமா என்று யோசித்தேன். அவரிடம் சொல்லாமல் ஊருக்குச் சொன்னால் அது இன்னொரு விளம்பரம் என்று பட்டது. போன வைகாசியில் காலை ஒன்பது மணிக்கு, கடையில் சனம் வரமுன், போய் நின்றேன். தாடி முழுக்க வெளுத்திருந்தது. மகன் ஒரு கதிரை எடுத்துப் போட்டான். நான் இருக்கவில்லை. படத்தை அழித்ததை, 'வேறு யாரும்' என்று எழுதியதை, ஓலை இல்லை என்று சொன்ன பொய்யை, மாமியிடம் சொன்னதை எல்லாம் நின்றுகொண்டே சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மருமகன் அண்டைக்கே காட்டினவன்" என்றார்.

ஆறு வருடமும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணன் மாசம் ஒருக்கா போன் எடுப்பார். பேரனைப் பிடிச்சு நம்பர் அடிக்கச் சொல்லி எடுப்பார். பெட்டி வந்தயாண்டு கேப்பார். வந்த, நல்ல இழையெண்டுதான் சொன்ன நான். கண் தெரியாத மனிசன். வேற என்னத்தச் சொல்ற?"

எனக்குக் குரல் வரவில்லை. என் பொய்யை நான் வைத்திருந்தேன் என்று நினைத்தேன். அதை அவர்தான் இரண்டு வருடம் தாங்கி வைத்திருந்தார், அப்பாவுக்காக.

கோபமா காக்கா என்று கேட்டேன். அதற்கு அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பொம்பிளை சுளகு விலை கேட்டு வந்தார், அவருக்கு விலை சொன்னார். திரும்பி, இழைக்கிறவங்க இன்னும் இருக்காங்களா என்றார். ஏழு பேரில் ஐந்து பேர் இருக்கிறார்கள், மாமி இருக்கிறார் என்றேன்.

"கொண்டாங்க, பாப்பம். வெள்ளை விளிம்புக்காரன் தாற விலைக்குத்தான் எடுப்பன். படம் மட்டும் வேணாம் புள்ள."

அடுத்த கிழமை ஆறு நீத்துப்பெட்டி கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலுக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நாலை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பித் தந்தார்.